அச்சுப்பொறி வாங்கப் போகிறீர்களா? முதலில் வீட்டுக் கடதாசிகளைக் கணக்கெடுங்கள்

சென்ற மாரிகாலத்தில் ஒரு வியாழக்கிழமை இரவு. நேரம் பத்து மணியைக் கடந்திருந்தது. ஸ்காபரோவில் நாம் வசிக்கும் தொடர்மாடிக் கட்டடத்தில் எமது வீட்டுக் கதவு தட்டப்பட்டது. கீழ்மாடியில் வசிக்கும் இளங் குடும்பத்தவர் ஒருவர் நின்றிருந்தார். அவரது கையில் யூ.எஸ்.பி. நினைவுக்கோல் ஒன்று இருந்தது.

"அண்ணை, உங்கட வீட்டிலை பிறிண்டர் வேலை செய்யுதோ?"

அவருடைய அகதி வழக்குக்குரிய ஆவணங்கள் மறுநாட் காலை ஒன்பது மணிக்குச் சட்டத்தரணியிடம் சேரவேண்டும். விசாரணைக்குப் பத்து நாட்களுக்கு முன்னர் அவை அகதிகள் பாதுகாப்புப் பிரிவைச் சென்றடைய வேண்டும் என்பது கனடாவின் விதி. அந்த வெள்ளிக்கிழமையே கடைசி நாள். மொத்தம் 64 பக்கங்கள். அவரிடமும் ஓர் அச்சுப்பொறி இருந்தது. மலிவு விற்பனையில் வாங்கியது. அன்று மாலைதான் புதிய கறுப்பு மைக்கூட்டை வாங்கிப் பூட்டியிருக்கிறார். பதினொரு பக்கங்கள் வெளிவந்த பின்னர் பொறி நின்றுவிட்டது. மஞ்சள் மை தீர்ந்துவிட்டதாம். அவர் அச்சிட்ட பக்கங்களில் மஞ்சள் நிறம் ஓரிடத்திலும் இல்லை. எனினும் அது நிரப்பப்படும்வரை கறுப்பிலும் அச்சிட முடியாது என்று பொறி மறுத்துவிட்டது. கடைகளோ பூட்டப்பட்டுவிட்டன.

எம்மிடமிருந்த பழைய லேசர் பொறி ஐந்து நிமிடத்தில் அத்தனை பக்கங்களையும் தந்தது. ஆனால் பக்கங்களுக்கு இலக்கமிடும்போது மற்றொரு குறை கண்ணிற்பட்டது. இலண்டனிலுள்ள தமக்கையார் தாம் பெற்றிருந்த கிராம உத்தியோகத்தரின் கடிதத்தை ஸ்கான் செய்து அனுப்பியிருந்தார். அச்சில் அக்கடிதத்தின் அடிப்பகுதி காணாமற்போயிருந்தது. கையொப்பமும் இறப்பர் முத்திரையும் இருந்த பகுதி அதுவே. காரணத்தைக் கண்டுபிடிக்க அரை மணி நேரம் சென்றது. தாளின் அளவே காரணம். அதனைப் பின்னர் விளக்குவோம்.

ஆவணங்கள் உரிய நேரத்தில் போய்ச் சேர்ந்தன. சில வாரங்களின் பின் அந்த இளைஞர் மீண்டும் வந்து, "எந்தப் பிறிண்டரை வாங்கலாம்?" என்று கேட்டார். இதே கேள்வி எம்மவர் பலருக்கும் உண்டு என்பதால் அவருக்குச் சொன்னவற்றை இங்கே விரித்து எழுதுகிறோம்.

கடதாசியின் பெறுமதி

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமத்திலிருந்து மக்கள் ஒரே இரவில் வெளியேறியபோது பலர் முதலில் எடுத்தது பத்திரங்கள் அடங்கிய பையைத்தான். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், திருமணப் பதிவு, காணி உறுதி, பாடசாலை விடுகைப் பத்திரம் ஆகியவை இல்லாதவனுக்குத் தன்னை இன்னார் என்று நிரூபிக்க வழியில்லை என்பதை எமது மக்கள் அனுபவத்தில் அறிந்திருந்தனர். புலம்பெயர்ந்த நாட்டிலும் அந்நிலை மாறவில்லை. அகதிக் கோரிக்கை, நிரந்தர வதிவிடம், குடும்பத்தினரை அழைத்தல், பிள்ளையின் பாடசாலை அனுமதி என்று ஒவ்வொரு படியிலும் கடதாசி கேட்கப்படுகிறது. இன்று பல விண்ணப்பங்கள் இணையத்தினூடாகச் செல்கின்றபோதிலும், கையொப்பமிட வேண்டியதையும் சத்தியக்கடதாசியையும் அச்சிட்டே ஆகவேண்டியுள்ளது.

ஆகவே அச்சுப்பொறி வாங்குவதற்கு முன்னர் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுங்கள். மாதமொன்றுக்கு எத்தனை பக்கங்கள் அச்சிடுகிறீர்கள்? அவை எத்தனை காலத்துக்கு இருக்கவேண்டும்? அவற்றை யார் வாசிக்கப் போகிறார்கள்? கடைக்காரர் சொல்லும் வேகம், நிறம், அழகு ஆகியவை யாவும் இவற்றுக்குப் பின்னரே.

இரு வகைப் பொறிகள்

வீட்டுப் பாவனைக்குரியவை பெரும்பாலும் இரு வகையின. ஒன்று மையைத் துளிகளாகத் தெளிக்கும் இங்ஜெற். மற்றையது தூளை உருக்கிப் பதிக்கும் லேசர்.

இங்ஜெற் பொறியின் தலையில் மயிரிழையிலும் நுண்ணிய துளைகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. சில பொறிகளில் மை கணநேரம் சூடாக்கப்பட்டு, எழும் குமிழி துளியை வெளியே தள்ளுகிறது. யப்பானின் கனொன் நிறுவனத்தில் 1977இல் சூடான பற்றாசுக்கோல் ஒன்று மை நிறைந்த ஊசிக்குழாயில் தற்செயலாகப் பட, மை பீறிட்டதைக் கண்டதே இம்முறைக்கு வித்திட்டதாக அந்நிறுவனம் கூறுகிறது. எப்சன் போன்ற வேறு பொறிகளில் மின்சாரத்தால் அசையும் சிறு படிகம் துளியைத் தள்ளுகிறது. எவ்வாறாயினும் துளைகள் மிகச் சிறியவை என்பதை மனதிற்கொள்ளுங்கள். பல வாரங்கள் பாவிக்காமல் விட்டால் மை அவற்றிற் காய்ந்து அடைத்துக்கொள்ளும்.

லேசர் பொறியின் மூலம் வேறு. நியூ யோர்க்கில் காப்புரிமை தொடர்பான பணியில் இருந்த செஸ்ரர் கார்ல்சன் என்பவர் பத்திரங்களைக் கையால் திரும்பத் திரும்பப் பிரதி செய்யும் வேலையால் சலிப்புற்றவர். 1938 ஒக்ரோபர் 22ஆம் திகதி அவர் மின்னேற்றமும் தூளும் கொண்டு முதலாவது உலர் பிரதியை எடுத்தார். அதிலிருந்தே நிழற்பிரதிப் பொறியும், அதன் வழியாக லேசர் அச்சுப்பொறியும் பிறந்தன. எச்.பி. நிறுவனம் 1984இல் வெளியிட்ட லேசர்ஜெற் பொறியின் விலை 3,495 அமெரிக்க டொலர். இன்று அதனிலும் வேகமான கறுப்பு வெள்ளைப் பொறி சாதாரண குடும்பத்துக்கு எட்டிய விலையிற் கிடைக்கிறது. ரோனர் எனப்படும் அதன் தூள் உண்மையில் நிறமூட்டிய பிளாஸ்ரிக் மா. சூடான உருளைக்கிடையே தாள் செல்லும்போது அது உருகித் தாளோடு ஒட்டிக்கொள்கிறது. ஆறு மாதம் பாவிக்காமல் விட்டாலும் காய்வதற்கு அதில் ஈரம் இல்லை.

பொறியின் விலையும் மையின் விலையும்

மலிவான இங்ஜெற் பொறியைத் தயாரிப்பாளர் இலாபமின்றியும் விற்பதுண்டு. இலாபம் மையில் வருகிறது. காட்றிஜ் எனப்படும் சிறிய மைக்கூட்டில் சில மில்லிலீற்றர் மையே இருக்கும். சாதாரண அளவுடைய கூடொன்று ஏறத்தாழ 120 பக்கங்களையும், பெரியது 300 பக்கங்களையும் தரலாம். புதிய லேசர் பொறியுடன் வரும் தொடக்க ரோனர் பெரும்பாலும் 700 பக்கங்களோடு முடிந்துவிடும். பின்னர் வாங்கும் பெரிய ரோனர் 3,000 பக்கங்கள் வரை தரும். அண்மைக்காலத்தில் பரவிவரும் மைத்தாங்கிப் பொறிகளில் கூடு கிடையாது. போத்தலிலிருந்து மையை ஊற்றுகிறோம். இவ்வகைப் பொறியை எப்சன் 2010இல் முதன்முதலாக இந்தோனேசியாவில் விற்பனைக்கு விட்டது. ஒரு போத்தல் கறுப்பு மை 4,500 பக்கங்கள் அளவுக்குப் போதுமானதாக இருக்கும்.

கணக்கொன்று போட்டுப் பார்ப்போம். கடைக்குக் கடை விலை மாறும். கணக்கிடும் முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சிறிய மைக்கூட்டின் விலை 25 டொலர் எனக் கொண்டால், 120 பக்கங்களுக்குப் பக்கமொன்று ஏறத்தாழ 21 சதமாகிறது. பெரிய ரோனரின் விலை 90 டொலராயின், 3,000 பக்கங்களுக்குப் பக்கமொன்று 3 சதம். போத்தல் மை 25 டொலராயின், பக்கமொன்றுக்கு ஒரு சதமும் ஆகாது. மாதம் 150 பக்கங்கள் அச்சிடும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 1,800 பக்கங்கள். சிறிய மைக்கூட்டில் அச்சிட்டால் ஆண்டுக்கு 15 கூடுகள், 375 டொலர். ரோனரில் 54 டொலர். போத்தல் மையில் 10 டொலர். எழுபது டொலருக்கு வாங்கிய மலிவுப் பொறியே இம்மூன்றிலும் விலை கூடியது என்பது முதலாண்டு முடிவதற்கு முன்னரே தெரிந்துவிடும்.

பெட்டியில் எழுதப்பட்டிருக்கும் பக்க எண்ணிக்கையை அப்படியே நம்பவேண்டாம். தாளின் ஏறத்தாழ 5 வீதத்தை மட்டும் மை மூடுவதாகக் கொண்ட பரிசோதனைத் தாள்களை வைத்தே அந்த எண்ணிக்கை பொதுவாகப் பெறப்படுகிறது. நாம் அச்சிடுவதோ மங்கிய பிறப்புப் பத்திரத்தின் ஸ்கான் பிரதி. பழைய தாளின் மஞ்சள் நிறத்தையும் கறைகளையும் பொறி படமாகவே கருதி, தாள் முழுவதும் மையைப் பூசிவிடும். ஒரு பக்கத்தில் பல பக்கங்களின் மை செலவாகும். அச்சிடுவதற்கு முன்னர் கணனியிலேயே பின்னணியை வெளிறச் செய்யுங்கள். முத்திரையும் கையொப்பமும் மங்காதவாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

மையின் குணம்

ஒரே கறுப்பாகத் தோன்றினாலும் மைகள் பலவகை. சாய மை நீரிற் கரைந்திருப்பது. பளிச்சென்ற நிறம் தரும். ஆனால் தாள் நனைந்தால் பரவும். வெயிலில் விரைவாக வெளிறும். நிறமி மையில் நிறத் துகள்கள் நீரில் மிதக்கின்றன. அவை தாளின்மேல் தங்கி உலர்ந்தபின் நனைவையும் ஒளியையும் கூடுதலாகத் தாங்கும். பல இங்ஜெற் பொறிகளில் கறுப்பு நிறமி மையாகவும் மற்றைய நிறங்கள் சாய மையாகவும் உள்ளன. ஆனால் கறுப்பும் சாய மையாகவே உள்ள பொறிகளும் விற்பனையில் உண்டு. வாங்குவதற்கு முன்னர் "பிக்மென்ற்" என்ற சொல் மைப்பெட்டியில் உள்ளதா என்று பாருங்கள். வீட்டில் ஏற்கெனவே பொறி இருந்தால் ஒரு வரியை அச்சிட்டு, ஒரு நாள் உலரவிட்டு, ஈர விரலால் தேய்த்துப் பாருங்கள். கறுப்பு விரலில் ஒட்டினால் அதில் முக்கிய பத்திரங்களை அச்சிடாதீர்கள். பனி உருகிச் சேறாகும் மாதங்களில் பையின் அடியில் ஈரம் ஊறுவது நாம் அறிந்ததே.

லேசர் ரோனர் நீரிற் கரையாது. ஆயினும் அதற்கும் ஒரு பகை உண்டு. பீ.வீ.சி. எனப்படும் மென்மையான பிளாஸ்ரிக் உறையில் நெடுநாள் வைத்தால், அந்த உறையிலுள்ள எண்ணெய்த்தன்மை ரோனரை இளக்கி எழுத்தைத் தன்னோடு ஒட்டிக்கொள்ளும். பொலிபுறொப்பிலீன் என்று குறிப்பிடப்பட்டுள்ள உறைகளையே வாங்குங்கள்.

எல்லாவற்றிலும் நம்பத்தகாதது வெப்பத்தாள். கடைப் பற்றுச்சீட்டும், பணம் அனுப்பிய ரசீதும் பெரும்பாலும் இத்தாளில் வருபவை. இதில் மையே இல்லை. தாளிற் பூசப்பட்ட இரசாயனம் சூட்டினாற் கறுக்கிறது. அவ்வளவுதான். வெயில், வெப்பம், பிளாஸ்ரிக் உறை ஆகிய ஒவ்வொன்றும் அதனை அழிக்கும். 1990களில் கொழும்பிலிருந்து தொலைநகல் மூலம் வந்த கடிதங்களைப் பத்திரமாகச் சுருட்டி வைத்தவர்கள் இன்று விரித்துப் பார்த்தால் வெறுந்தாளைக் காணக்கூடும். ஊரிலுள்ள மனைவிக்கோ பெற்றோருக்கோ பணம் அனுப்பிய ரசீதுகள், குடும்பத்தை அழைக்கும் விண்ணப்பத்தில் உறவுக்கும் ஆதரவுக்கும் சான்றாகக் கூடியவை. அவற்றைப் பெற்ற அன்றே ஸ்கான் செய்து சாதாரண தாளில் அச்சிட்டு வையுங்கள்.

யாருக்கு எது?

வழக்கு நடைபெறும் குடும்பம்: கறுப்பு வெள்ளை லேசர் பொறியே பொருத்தமானது. நிற மை தீர்ந்ததென்று அது நின்றுவிடாது. பல மாதங்கள் சும்மா இருந்தாலும் வேண்டிய அன்று வேலை செய்யும். இயன்றால் ஸ்கான் வசதியும் சேர்ந்ததை வாங்குங்கள். கண்ணாடித் தட்டு உள்ளதாக இருக்கட்டும். ஊரிலிருந்து வந்த பழைய பத்திரங்களைத் தானாகத் தாளிழுக்கும் தட்டில் ஒருபோதும் வைக்காதீர்கள். மடிப்பிற் கிழிந்திருந்த பத்திரம் உருளைக்குள் சிக்கினால் மீளப் பெற முடியாது. கண்ணாடியில் வைத்து, நிறத்தில், அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்ற அளவில் ஸ்கான் செய்தால் முத்திரையின் நீலமும் சிவப்பும் தெளிவாக இருக்கும்.

பாடசாலை செல்லும் பிள்ளைகள் உள்ள வீடு: வாரந்தோறும் நிறப் படங்களும் பயிற்சித் தாள்களும் அச்சிடப்படுமாயின் மைத்தாங்கிப் பொறி இலாபகரமானது. ஆனால் வாரத்துக்கொரு முறையேனும் அது இயங்க வேண்டும். கோடை விடுமுறையில் முழு மாதமும் பூட்டிவைக்கும் வீட்டுக்கு அது உகந்ததன்று.

மாதத்தில் பத்துப் பக்கம் மட்டும் அச்சிடுபவர்: பொறி வாங்க வேண்டிய அவசியமில்லை. பொது நூலகக் கிளைகளில் பணம் செலுத்தி அச்சிடலாம். ஆயினும் ஓர் எச்சரிக்கை. அகதி வாக்குமூலத்தில் தடுப்புக்காவலும் சித்திரவதையும் உறவினரின் பெயர்களும் எழுதப்பட்டிருக்கும். பொதுக் கணனியில் அந்தக் கோப்பைச் சேமித்துவிட்டு வராதீர்கள். மின்னஞ்சலை மூடிவிட்டு எழும்புங்கள். பிழையாக வந்த பக்கங்களையும் எடுத்து வந்து கிழித்தெறியுங்கள். பெரிய நிழற்பிரதிப் பொறிகள் சிலவற்றில் பிரதி செய்த பக்கங்களைச் சேமிக்கும் நினைவகமும் உண்டு. வாக்குமூலம் போன்றவற்றை முகமறியாத கடையிற் கொடுத்து அச்சிடுவதைவிட, நம்பிக்கையான அயலவர் வீட்டில் உடனிருந்து அச்சிடுவது மேல்.

படம் அச்சிட விரும்புவோர்: படக்கடையிற் கொடுத்து எடுப்பது பெரும்பாலும் மலிவு. உறுதியும் கூட. தெய்வ அறையிலோ வரவேற்பறையிலோ மாட்டும் மறைந்தவர்களின் படங்களைச் சாய மையில் வீட்டில் அச்சிட்டு யன்னலுக்கு எதிரே மாட்டினால், சில ஆண்டுகளில் முகம் வெளிறிவிடும். ஊரில் எஞ்சிய ஒரேயொரு படத்திலிருந்து பிரதி எடுப்பவர்கள் 600 புள்ளிகளில் ஸ்கான் செய்து, அதனை இரு இடங்களிற் சேமித்து, படக்கடையில் அச்சிட்டு, கண்ணாடியிட்டு, நேர் வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். கடவுச்சீட்டுப் படத்தை வீட்டில் அச்சிட முயலவேண்டாம். கனடாவில் காகிதப் படம் கொடுக்கும்போது, படப்பிடிப்பு நிலையத்தின் பெயரும் முகவரியும் படம் எடுத்த திகதியும் அதன் பின்புறத்தில் இருக்கவேண்டும்.

சங்கங்களும் தமிழ்ப் பள்ளிகளும்: ஊரிலே தவணைப் பரீட்சைத் தாள்களை மெழுகுத் தாளில் வெட்டி, றோணியோ பொறியிற் சுற்றி எடுத்த ஆசிரியர்கள் எம்மிடையே இன்றும் உள்ளனர். அந்த முறையின் வாரிசாக றிசோ எனப்படும் பொறி உண்டு. ஒரே பக்கத்தை நூற்றுக்கணக்கில் எடுப்பதற்கு அது மிக மலிவு. பளபளப்பான தாளில் மட்டும் அதன் மை எளிதில் உலராது. முப்பத்தோராம் நாளுக்கான கல்வெட்டு போன்றவற்றை வீட்டுப் பொறியில் எடுத்தால் மை முடியும், பொறி தேயும், ஒட்டும் தையலும் சீராக அமையா. மாதிரியை மட்டும் வீட்டில் அச்சிட்டுப் பெயர்களையும் திகதிகளையும் இருவர் சரிபார்த்தபின் அச்சகத்திடம் கொடுங்கள்.

தாளின் அளவு: பெரிய தவறு இங்கேதான்

இலங்கையும் ஐரோப்பாவும் பாவிப்பது ஏ4 தாள். அதன் அளவு 210 க்கு 297 மில்லிமீற்றர். கனடாவும் அமெரிக்காவும் பாவிக்கும் தாள் எட்டரை அங்குலத்துக்குப் பதினொரு அங்குலம். அதாவது ஏறத்தாழ 216 க்கு 279 மில்லிமீற்றர். எமது தாள் சற்று அகலமானது, ஆனால் 18 மில்லிமீற்றர் குட்டையானது. இலண்டனிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ வந்த ஏ4 பக்கத்தை முழு அளவில் இங்கே அச்சிட்டால், அந்த 18 மில்லிமீற்றர் வெட்டுப்பட்டுப் போகும். கையொப்பமும் முத்திரையும் பெரும்பாலும் அடியில் இருப்பதால் அவையே முதலிற் போகின்றன. அன்றிரவு நடந்ததும் இதுவே.

பரிகாரம் எளிது. அச்சிடும் கட்டளையில் "தாளுக்குப் பொருந்தச் செய்" என்ற பொருள்படும் தெரிவை அழுத்துங்கள். பக்கம் 94 வீதமாகச் சுருங்கி முழுமையாக வரும். ஊரிலிருந்து வரும் நீண்ட பூல்ஸ்காப் தாள்களுக்கும் இதுவே வழி.

அகதிகள் பாதுகாப்புப் பிரிவின் விதிகளின்படி ஆவணங்கள் எட்டரைக்குப் பதினொரு அங்குலத் தாளில் இருக்கவேண்டும். தட்டெழுத்து 12 புள்ளிக்குக் குறையலாகாது. பிரதிகள் தெளிவாக வாசிக்கக்கூடியனவாகவும், பக்கங்கள் தொடரிலக்கமிடப்பட்டனவாகவும், ஆவணங்களின் பட்டியல் இணைக்கப்பட்டும் இருக்கவேண்டும். தமிழிலுள்ள ஆவணத்துடன் ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் மொழிபெயர்ப்பாளரின் உறுதிமொழியும் வேண்டும். மை சிக்கனத்துக்காக எழுத்தைச் சிறிதாக்குவதும், வெளிறிய அச்சில் விடுவதும் வழக்கில் பாதகமாகலாம். பிள்ளையின் பாடக்குறிப்புக்குச் சிக்கன அச்சு போதும். வழக்குக்கு வேண்டாம்.

தமிழெழுத்துப் பற்றியும் ஒரு சொல். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய கடிதத்தை அந்த எழுத்துரு இல்லாத கணனியில் திறந்தால், ஆங்கில எழுத்துகள் குழம்பிய கோலமாகத் தெரியும். வேறிடத்தில் அச்சிட எடுத்துச் செல்லும் தமிழ்க் கடிதத்தைப் பி.டி.எவ். கோப்பாக மாற்றிக்கொண்டு செல்லுங்கள். எழுத்துருவும் கோப்போடு சேர்ந்து செல்லும்.

ஏமாறாமல் வாங்க

மூன்று நிறங்களும் ஒரே கூட்டிலுள்ள பொறியைத் தவிருங்கள். ஒரு நிறம் தீர்ந்தாலும் மீதி இரண்டையும் வீசவேண்டிவரும். நிறம் தீர்ந்தபின்னும் கறுப்பில் அச்சிடுமா என்று வாங்குமுன் கேட்டறியுங்கள்.

மாதச் சந்தாவுக்கு மை தரும் திட்டங்கள் உண்டு. அளவாக அச்சிடுபவருக்கு அவை பயன்படலாம். ஆனால் அவ்வாறு வந்த மைக்கூட்டில் மை மீதமிருந்தாலும், சந்தாவை நிறுத்தியபின் அது இயங்காது. வேலை நிரந்தரமில்லாத வீட்டில், பணம் கட்டத் தவறிய மாதமே வழக்கு வரும் மாதமாகவும் இருக்கலாம்.

பிறர் தயாரித்த மலிவு மைக்கூடுகளைப் பாவிக்கலாமா? பாடசாலை வேலைக்குப் பாவிக்கலாம். ஆனால் பல பொறிகள் மைக்கூட்டிலுள்ள சிறு மின்னணுச் சில்லைப் பரிசோதிக்கின்றன. 2016 செப்ரெம்பரில் எச்.பி. நிறுவனத்தின் சில பொறிகள் பிறர் தயாரித்த மைக்கூடுகளைத் திடீரென ஏற்க மறுத்தன. பலத்த எதிர்ப்பின் பின்னர் நிறுவனம் மன்னிப்புக் கோரியது. இத்தகைய கட்டுப்பாடுகளை நுகர்வோருக்குத் தெளிவாக அறிவிக்கவில்லையெனக் கூறி, இத்தாலியின் போட்டி ஆணையம் 2020 டிசெம்பரில் அந்நிறுவனத்துக்கு ஒரு கோடி யூரோ தண்டம் விதித்தது. எனவே மலிவு மையை நம்பிப் பொறியை வாங்குபவர் அது நாளையும் இயங்கும் என்று எண்ணிவிடக்கூடாது. நெடுங்காலம் இருக்கவேண்டிய படத்துக்கும் பத்திரத்துக்கும் அசல் மையே பாதுகாப்பு.

பேணும் முறை

இங்ஜெற் பொறியைச் சுவரிலுள்ள ஆளியால் நிறுத்தும் பழக்கம் எம்மவரிடம் உண்டு. மின்சாரத்தைச் சேமிக்கும் நல்ல எண்ணமே. ஆனால் பொறியிலுள்ள பொத்தானை அழுத்தி நிறுத்தினால்தான் மைத்தலை தன் மூடிக்குள் சென்று அடங்கும். இடையில் மின்சாரத்தைத் துண்டித்தால் அது திறந்தபடி நின்று காய்ந்துபோகும். வாரத்துக்கொரு முறை எல்லா நிறமும் வருமாறு சிறு பக்கமொன்றை அச்சிடுங்கள். துப்புரவுக் கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுக்காதீர்கள். ஒவ்வொரு முறையும் நல்ல மை கழிவாகிறது.

ரோனர் தூள் உடையிற் கொட்டினால் தட்டிவிட்டுக் குளிர்நீரால் மட்டும் கழுவுங்கள். சுடுநீர் பட்டால் தூள் இளகி ஒட்டிவிடும். வீட்டுத் தூசியுறிஞ்சியாலும் எடுக்கவேண்டாம். நுண்ணிய தூள் அதன் வடியைக் கடந்து அறையிற் பரவும்.

இறுதியாக, மூலப் பத்திரங்களுக்குப் பிளாஸ்ரிக் உருக்கி ஒட்டுவிக்காதீர்கள். லமினேற் செய்தால் என்றும் பாதுகாப்பாக இருக்கும் என்று எண்ணிப் பிறப்புப் பத்திரத்தைக் கொடுப்போர் பலர். அதன்பின் தாளையும் பிளாஸ்ரிக்கையும் பிரிக்க முடியாது. முத்திரையின் புடைப்பையும் தாளின் தன்மையையும் அதிகாரி தொட்டுப் பார்க்க இயலாது. மூலத்தைத் தளர்வான உறையில் வைத்துவிட்டு, அச்சிட்ட பிரதியைக் கையிற் கொண்டு செல்லுங்கள்.

முன்னர் சொன்ன இளைஞர் ஸ்கான் வசதியுள்ள கறுப்பு வெள்ளை லேசர் பொறியொன்றை வாங்கினார். பெரிய ரோனர் ஒன்றும், 500 தாள்கள் கொண்ட கட்டு ஒன்றும் எப்போதும் அலுமாரியில் மேலதிகமாக வைத்திருக்கிறார். பிள்ளையின் நிறப் படங்களுக்கு நூலகத்துக்குப் போகிறார்கள். சென்ற மாதம் இரவொன்றில் அவரது கதவும் தட்டப்பட்டதாம். மேல்மாடியில் புதிதாகக் குடிவந்த குடும்பம். கையில் யூ.எஸ்.பி. நினைவுக்கோல். முதலில் தாளின் அளவைச் சரிபார்த்துவிட்டே அச்சிட்டுக் கொடுத்ததாகச் சொன்னார்.